திருச்சபை என்றால் யார்?

1870-ம் வருஷம் ஜூலை மாதம் 18-ந் தேதி, திங்கட்கிழமை. ரோமாபுரியிலுள்ள அர்ச். இராயப்பர் பேராலயத்தின் வலப்பக்கத்து மண்டபத்தில், உலகத்தின் நானா திசைகளிலிருந்தும் வந்திருந்த கத்தோலிக்க பிஷப்புகள் வரிசை வரிசையாக அமர்ந்திருந்தார்கள். வெளியே பெரும் புயல். ஒவ்வொரு பிஷப்பின் பெயராகக் கூப்பிடப்பட்டது. கூப்பிடப்பட்டவர் எழுந்து லத்தீன் பாஷையில் ‘பிளாசெட்’ என்றார். ‘சம்மதம்’ என்று அதற்குப் பொருள். சம்மதம், சம்மதம் என்ற குரல்களுக்கு இடையிடையே இடி முழங்கியது. மின்னல் ஜன்னல்களில் பளிச்சிட்டது. கடைசியில் கணக்குப் பார்த்தபோது 533 பேர் சம்மதம் என்று சொல்லியிருந்தார்கள். ‘சம்மதமில்லை’ என்று சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர் இத்தாலியில் கயாஸோ என்ற ஊரின் பிஷப் ரிச்சியோ. மற்றவர் அமெரிக்காவில் லிட்டில் ராக் என்ற ஊரின் பிஷப் பிட்ஜெரால்டு. அதற்குள் மண்டபத்தில் இருள் கவிந்துவிட்டது. போப்பாண்டவர் தீர்மானத்தை உறுதி செய்து படிப்பதற்கு மெழுகுவர்த்தி கொண்டுவர வேண்டியதாயிற்று.

சீனாய் மலையில் மோசேக்குக் கட்டளைகள் கிடைத்தபோதும் இப்படித்தான் இடி இடித்தது என்று தீர்மானத்தை விரும்பியவர்கள் மகிழ்ந்தார்கள். ஆண்டவனுடைய கோபமே இடியாக இறங்கியது என்று விரும்பாதவர்கள் சொன்னார்கள். இடி ஒன்றுதான், அதற்குச் சொன்ன பொருள் இரண்டு. அன்று தொடங்கிய அந்த அபிப்பிராய பேதம் இன்னும் முடிந்தபாடில்லை.

போப்பாண்டவருக்குத் ‘தவறா வரம்’ உண்டு என்பதே அன்றைய தீர்மானம். இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர் பலர். சரியாக அறிந்தவர் சிலரே. ஆகவே முதலில் அது என்ன சொல்லுகிறது, என்ன சொல்லவில்லை என்று பார்த்துவிடுவது நல்லது.

சொன்னதும் சொல்லாததும்

போப்பாண்டவர் பாவமே செய்யமாட்டார் என்று தீர்மானம் சொல்லவில்லை. மற்ற எந்தக் கத்தோலிக்கரையும் போல அவரும் ஒரு குருவிடம் சென்று பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்தான். அவர் அரசியலிலோ, விஞ்ஞானத்திலோ, சாதாரணப் பேச்சிலோ பிழை செய்யமாட்டார் என்றும் சொல்லவில்லை. கிறிஸ்தவர் அனைவருக்கும் மேய்ப்பரும் ஆசானும் என்ற ஸ்தானத்திலிருந்து, தம் உன்னத அதிகாரத்தைக் கொண்டு, விசுவாசத்தையோ ஒழுக்கத்தையோ பற்றிய ஒரு விஷயத்தை, திருச்சபை முழுவதும் ஏற்றே தீரவேண்டும் என்று அவர் முடிவு கட்டிச் சொன்னால், அந்த முடிவு தவறாது. தீர்மானத்தின் சாரம் இவ்வளவே. 1870-க்குப் பிறகு இந்த நிபந்தனைகளெல்லாம் பொருந்த அறிவிக்கப்பட்டது ஒரே ஒரு சத்தியந்தான். தேவமாதா ஆத்தும சரீரத்தோடு மோட்சத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று 1950-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தது அது.

இத்தனை குறுகிய வரத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று வாசகர்கள் கேட்கலாம். சங்கடம் இரண்டு இடத்தில் இருந்தது. முதலாவது, உலகத்திலுள்ள ஒவ்வொரு சபையின்மீதும், ஒவ்வொரு விசுவாசியின்மீதும் போப்பாண்டவருக்கு நேரடியான முழு அதிகாரம் உண்டு என்று அதே தீர்மானம் கூறியது. இரண்டாவது, வோட்டெடுப்புக்கு இரண்டொரு நாள் இருக்கையில் ஒரு சிறு வாசகம் அதில் நுழைந்தது. போப்பாண்டவரின் இத்தகைய முடிவுகள் தம் பலத்தாலேயே மாற்ற முடியாதவை, திருச்சபை சம்மதிப்பதனால் அல்ல என்பது அதன் கருத்து. அப்படியானால் திருச்சபை என்பது யார்? சொல்லுகிறவர் மட்டுமா? கேட்கிறவர்களுமா? சண்டையின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது.

பாறை எது?

தமிழ் நாட்டில் கத்தோலிக்கர் வெகு காலம் இராயப்பர் என்று அழைத்துவந்தவரும், புராட்டஸ்டண்டுகள் பேதுரு என்று அழைப்பவரும் ஒருவரே. கலிலேயாக் கடலில் மீன் பிடித்தவர். இயேசுநாதரின் பிரதம சீஷர். அவருடைய இயற்பெயர் சீமோன். இயேசு அவருக்குப் பாறை என்று பொருள்படும் பெயரைச் சூட்டி, இந்தப் பாறையின்மேல் என் சபையைக் கட்டுவேன் என்ற கருத்தில் சொன்னதாக மத்தேயு எழுதிய சுவிசேஷம் 16-ம் அதிகாரத்தில் வருகிறது. பாறை என்றது இராயப்பரையே. அவருக்குப் பின் ரோமாபுரியின் பிஷப்பாக வருகிற ஒவ்வொருவரும் அந்தப் பாறையின் வாரிசு என்பது கத்தோலிக்கர் கட்சி. பாறை என்றது அவர் அப்போது வாய் திறந்து சொன்ன விசுவாசத்தை என்பது புராட்டஸ்டண்டுகளில் பலருடைய கட்சி. கிரேக்க வைதீக சபையாரோ, ரோமாபுரியின் பிஷப்புக்கு மரியாதையில் முதல் இடம் உண்டு, ஆனால் மற்ற பிஷப்புகளை ஆளும் அதிகாரம் கிடையாது என்பார்கள்.

கத்தோலிக்கருக்குள்ளேயே இதைக் கிளறியவர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்து ஆர்ச்பிஷப் கென்ரிக் சங்கத்தில் பேசுவதற்கு ஒரு சொற்பொழிவு தயாரித்தார். பேசச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. நேப்பிள்ஸ் நகரில் அதை அச்சிட்டு வெளியிட்டுவிட்டார். ஆதிகாலத்து ஞானத் தந்தையர் அந்த வசனத்துக்குச் சொன்ன வியாக்கியானங்களை அதில் எண்ணிக் காட்டினார். பாறை என்றது இராயப்பரை என்றவர்கள் 17 பேர். அப்போஸ்தலர் எல்லோரையும் என்றவர்கள் 8 பேர். கிறிஸ்துவையே என்றவர்கள் 16 பேர். இராயப்பர் சொன்ன விசுவாசத்தை என்றவர்கள் 44 பேர்! சரித்திரம் படித்த பிஷப்புகளை இந்தக் கணக்கு உறுத்தியது.

நம் பாஷையில் ஒரு சௌகரியம் உண்டு. வழிபடும் கட்டடத்தைக் கோயில் என்கிறோம். ஓர் ஊரில் கூடும் விசுவாசிகளைச் சபை என்கிறோம். உலகம் முழுவதும் உள்ளவர்களைச் சேர்த்துத் திருச்சபை என்கிறோம். கிரேக்க மூலத்திலோ ‘எக்ளேசியா’ என்ற ஒரே சொல்தான். அழைக்கப்பட்டுக் கூடியவர்கள் என்பது அதன் பொருள். ஊர்ச் சபைகள் பல சேர்ந்து திருச்சபை ஆகிறதா, அல்லது ஒரே திருச்சபை ஊர்தோறும் கிளைவிட்டு நிற்கிறதா? முதலாவது விடையைச் சொன்னால் பிஷப்புகளின் கூட்டம் முக்கியமாகிறது. இரண்டாவது விடையைச் சொன்னால் கிளைகளையெல்லாம் ஒன்றாகப் பிடித்து நிற்கும் அடிமரம் முக்கியமாகிறது.

நாடு இழந்த போப்பாண்டவர்

இந்தப் பழைய கேள்வி 1870-ல் கொதித்து எழுந்ததற்குக் காரணம் இருந்தது. அப்போது பீடத்தில் இருந்தவர் ஒன்பதாம் பயஸ். தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் ஒன்பதாம் பத்திநாதர். 1846-ல் தமது 54-வது வயதில் பதவிக்கு வந்தவர். அந்தக் காலத்தில் போப்பாண்டவர் என்றால் ஞான அதிகாரி மட்டுமல்ல. மத்திய இத்தாலியில் பெரிய ராஜ்யம் ஒன்றுக்கு அரசரும்கூட. புது போப்பாண்டவர் தாராள மனம் படைத்தவர் என்று இத்தாலிய தேசபக்தர்கள் அவரை முதலில் கொண்டாடினார்கள். 1848-ல் புரட்சி வந்தது. அவருடைய மந்திரி ரோஸி குத்திக் கொல்லப்பட்டார். போப்பாண்டவர் சாதாரணக் குருவைப் போல் உடுத்திக்கொண்டு இரவோடிரவாக ரோமை விட்டுத் தப்ப வேண்டியதாயிற்று. 1850-ல் பிரெஞ்சுப் படையின் துணையோடு திரும்பி வந்தவர் வேறு மனிதராக இருந்தார். புதிய காலத்தின் எண்ணங்களில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. 1864-ல் அக்காலத்துத் தவறுகள் என்று 80 கருத்துக்களைப் பட்டியலிட்டுக் கண்டித்தார். இதற்கிடையில் இத்தாலிய ராஜ்யம் வளர்ந்து அவருடைய நாட்டில் பெரும் பகுதியை விழுங்கிவிட்டது.

மண் கைவிட்டுப் போகப்போக, விசுவாசிகளின் அன்பு அவர்மீது பெருகியது. அரசர்கள் சபைக் காரியங்களில் தலையிட்டு அலுத்துப்போன பிரான்சிலும் ஜெர்மனியிலும் எத்தனையோ குருமார்கள், எந்த அரசருக்கும் கட்டுப்படாத ஒரு தலைவர் ரோமில் இருக்கவேண்டும் என்று விரும்பினார்கள். இங்கிலாந்தின் ஆர்ச்பிஷப் மானிங் இவர்களுக்கு முன்னணியில் நின்றார். ஆங்கிலிகன் சபையில் ஆர்ச்டீக்கனாக இருந்து 1851-ல் கத்தோலிக்கரானவர் அவர். எல்லாவற்றையும் சந்தேகிக்கும் காலத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு குரல் வேண்டும் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இல்லையென்று சொல்லிவிட முடியாது.

சங்கத்தில் நடந்தது

1869-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி, கொட்டும் மழையில் சங்கம் ஆரம்பமாயிற்று. சுமார் 700 பிஷப்புகள் வந்திருந்தார்கள். கிரேக்க வைதீக சபையாருக்கும் முன்னதாகவே அழைப்பு அனுப்பப்பட்டிருந்தது. ஆனால் அந்தக் கடிதம் கான்ஸ்டான்டிநோபிளின் மூப்பரான ஆறாம் கிரகோரியின் கைக்கு வருமுன்பே பத்திரிகைகளில் வெளியாகிவிட்டது. அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பியனுப்பிவிட்டார்.

மண்டபத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. விவாதம் முழுவதும் லத்தீனில். ஆனாலும் சுவாரஸ்யத்துக்குக் குறைவில்லை. குரோவேஷியாவைச் சேர்ந்த பிஷப் ஸ்ட்ராஸ்மாயர் எழுந்து, புராட்டஸ்டண்டுகளிலும் நல்ல எண்ணத்தோடு வாழ்கிறவர்கள் உண்டு, அவர்களைத் தூஷிக்கலாகாது என்ற கருத்தில் பேசினார். உடனே கூச்சல் கிளம்பியது. இன்னொரு லூதர் வந்துவிட்டான் என்றுகூடச் சிலர் கத்தினார்களாம். அவர் மேடையை விட்டு இறங்கினார். ஜெர்மன் பிஷப் ஹெபெலே பொதுச் சங்கங்களின் சரித்திரத்தைப் பல பாகங்களாக எழுதிய பண்டிதர். முதலாம் ஹொனோரியஸ் என்ற போப்பாண்டவரின் கதையை அவர் எடுத்துக் காட்டினார். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹொனோரியஸ், தவறான போதனைக்கு இடங்கொடுத்தார் என்று 681-ல் முடிந்த பொதுச் சங்கம் அவரை அவர் இறந்த பின்பு கண்டித்தது. சங்கம் கண்டித்த போப்பாண்டவர் ஒருவர் இருக்கையில், போப்பாண்டவர் தவறமாட்டார் என்று எப்படிச் சொல்வது? ஹொனோரியஸ் எழுதியது சொந்தக் கடிதம், திருச்சபைக்கு இட்ட கட்டளையல்ல என்று மறு கட்சியார் விடை சொன்னார்கள்.

ஜூன் மாதம் கார்டினல் குய்தி என்பவர் சமரசம் செய்யப் பார்த்தார். போப்பாண்டவர் தனித்து முடிவு செய்யாமல், பிஷப்புகளைக் கலந்து, சபையின் பாரம்பரியத்தை விசாரித்துச் செய்கிறார் என்று எழுதிவிடலாமே என்றார். அன்று மாலையே போப்பாண்டவர் அவரைக் கூப்பிட்டுக் கோபித்துக்கொண்டார். பாரம்பரியம் என்பது நானே என்ற கருத்தில் அவர் சொன்னது ரோம் முழுவதும் பரவியது.

ஜூலை 13-ந் தேதி நடந்த வோட்டெடுப்பில் 451 பேர் சம்மதம் என்றார்கள். 88 பேர் சம்மதமில்லை என்றார்கள். 62 பேர் திருத்தத்தோடு சம்மதம் என்றார்கள். பல பிஷப்புகள் ரோமிலேயே இருந்தும் வரவில்லை. இரண்டு நாள் கழித்துச் சிறுபான்மையோரின் தூதுக்குழு ஒன்று போப்பாண்டவரைக் கண்டது. மைன்ஸ் நகரத்து பிஷப் கெட்டலர், ஏழைத் தொழிலாளருக்காகப் பாடுபட்ட பெருமகன், போப்பாண்டவரின் காலில் விழுந்து, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று மன்றாடினார். பலன் இல்லை. கடைசியில் 55 பிஷப்புகள் ஒரு கடிதம் எழுதி வைத்தார்கள். தந்தையின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, ஆகவே ஊர் திரும்புகிறோம் என்பது அதன் சாரம். அவர்கள் போன பிறகுதான் அந்த 533-ம் இரண்டும்!

மறுநாளே பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. ரோமைக் காத்துவந்த பிரெஞ்சுப் படை வாபஸாயிற்று. செப்டம்பர் 20-ந் தேதி இத்தாலியச் சேனை கோட்டைச் சுவரை உடைத்துக்கொண்டு நகருக்குள் புகுந்தது. தவறா வரம் பெற்ற இரண்டே மாதத்தில் போப்பாண்டவர் மிச்சமிருந்த ராஜ்யத்தையும் இழந்தார். சங்கம் பாதியில் நின்றுபோயிற்று. போப்பாண்டவரைப் பற்றிப் பேசி முடித்தவர்கள், பிஷப்புகளைப் பற்றிப் பேசுவதற்குள் கலைந்துவிட்டார்கள். இந்த அரைகுறையே பிற்காலத்துக் குழப்பம் பலவற்றுக்கும் காரணம் என்பது கத்தோலிக்க அறிஞர் பலருடைய அபிப்பிராயம்.

மூனிச் நகரத்துக் கிழவர்

சிறுபான்மை பிஷப்புகள் ஒருவர்பின் ஒருவராகப் பணிந்தார்கள். சபை பிளவுபடுவதைவிடத் தம் அபிப்பிராயம் தோற்பதே மேல் என்று பெரும்பாலோர் எண்ணினார்கள். ஹெபெலே 1871 ஏப்ரல் வரை தாங்கினார். ஸ்ட்ராஸ்மாயர் 1872-ன் கடைசி வரை தாங்கினார். கென்ரிக்கும் ஏற்றுக்கொண்டார், ஆனால் வாதம் தம்மை மாற்றவில்லை, சபையின் அதிகாரத்துக்காகவே ஏற்றேன் என்பதை மறைக்கவில்லை.

பணியாத மனிதர் ஒருவர் இருந்தார். அவர் பிஷப் அல்ல. மூனிச் சர்வகலாசாலையில் திருச்சபைச் சரித்திரம் போதித்த குருவானவர் இக்னாஸ் டோலிங்கர். 1799-ல் பிறந்தவர். கத்தோலிக்க மதத்துக்காக வாழ்நாளெல்லாம் புராட்டஸ்டண்டுகளோடு வாதாடியவர். சங்கம் கூடுமுன்பே புனைபெயரில் ஒரு நூல் வெளியிட்டு, தவறா வரம் என்பது ஆதித் திருச்சபை அறியாத புதுச் சரக்கு என்று எழுதினார். ரோமிலிருந்து இரகசியச் செய்திகளை அவருக்கு அனுப்பியவர்களில் முக்கியமானவர் அவருடைய மாணவரான ஆங்கிலப் பிரபு ஆக்டன். அதிகாரம் மனிதனைக் கெடுக்கும், கட்டற்ற அதிகாரம் அடியோடு கெடுக்கும் என்ற பிரசித்தி பெற்ற கருத்து இந்த ஆக்டன் 1887-ல் எழுதிய ஒரு கடிதத்தில் வருவதே. அரசியல்வாதிகளைக் கண்டிக்க இன்று எல்லோரும் அதை எடுத்தாளுகிறார்கள். அவர் அதை எழுதியதோ, பழைய போப்பாண்டவர்களைச் சரித்திரக்காரர் எப்படி எடைபோடவேண்டும் என்ற விவாதத்தில்!

சங்கம் முடிந்து மூனிச் ஆர்ச்பிஷப் ஷெர் ஊர் திரும்பினார். அவரும் ரோமில் சிறுபான்மையோடு நின்றவர்தான். வரவேற்க வந்த பேராசிரியர்களிடம், இனித் திருச்சபைக்காக வேலை தொடங்குவோம் என்றார். ஆம், பழைய திருச்சபைக்காக என்றார் டோலிங்கர். பழையது, புதியது என்று கிடையாது, திருச்சபை ஒன்றுதான் என்றார் ஆர்ச்பிஷப். புதிதாக ஒன்றை உண்டாக்கிவிட்டார்களே என்றார் டோலிங்கர். ஆயிரம் பக்கத்து வாதம் முழுவதும் இந்த நாலு வார்த்தையில் அடங்கிவிட்டது. ஒருவருக்குத் திருச்சபை என்பது இன்று உயிரோடிருந்து பேசும் தாய். மற்றவருக்கு அது ஆதிமுதல் எல்லோரும் எங்கும் நம்பிவந்ததன் சாட்சி. தாய் இன்று சொல்லுவதும், பழைய சாட்சி சொல்லுவதும் மாறுபட்டால் பிள்ளை எந்தப் பக்கம் போவான்?

பணியும்படி ஆர்ச்பிஷப் கெடு வைத்தார். 1871 மார்ச் 28-ந் தேதி டோலிங்கர் பதில் எழுதினார். கிறிஸ்தவன் என்ற முறையிலும், வேதசாஸ்திரி என்ற முறையிலும், சரித்திரக்காரன் என்ற முறையிலும், பிரஜை என்ற முறையிலும் இதை ஏற்க முடியாது என்று மறுத்தார். ஏப்ரல் மாதம் சபைவிலக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 72. ஏறக்குறைய 50 வருஷம் குருவாக இருந்தவர் அதன்பின் பூசை வைக்கவில்லை. தண்டனை அநியாயம் என்று நம்பினார்; ஆனாலும் அதை மீறவில்லை.

அவரோடு உடன்பட்டவர்கள் ‘பழைய கத்தோலிக்கர்’ என்ற பெயரில் தனிச் சபையாகத் திரண்டார்கள். 1873-ல் ரைன்கன்ஸ் என்பவர் ஹாலந்து தேசத்தில் அவர்களுக்கு பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். 1889-ல் யூட்ரெக்ட் நகரத்து ஐக்கியம் உருவாயிற்று. இன்றும் அந்தச் சபைகள் ஐரோப்பாவில் உண்டு. ஆனால் பீடத்துக்கு எதிராகப் பீடம் வைக்காதீர்கள் என்று அவர்களைத் தடுத்தவர் டோலிங்கரே. அவர்களுடைய சபையில் அவர் முறைப்படி சேரவில்லை. 1874-லும் 1875-லும் பான் நகரில் கிரேக்க வைதீகரையும் ஆங்கிலிகன் சபையாரையும் கூட்டி ஒற்றுமைக்கு வழி தேடினார். 1890 ஜனவரி 10-ந் தேதி, 90 வயதில் இறந்தார். அவஸ்தைப்பூசுதல் கொடுத்தவர் ஒரு பழைய கத்தோலிக்கக் குரு.

படகு சாய்ந்தால்...

இதே புயலில் இன்னொரு பெரியவர் வேறு வழி போனார். ஆங்கிலிகன் சபையில் பேர் பெற்ற பிரசங்கியாக இருந்து 1845-ல் கத்தோலிக்கரான ஜான் ஹென்றி நியூமன் அவர். தவறா வரத்தை அவர் சொந்தத்தில் நம்பினார். ஆனால் அதைச் சட்டமாக்கி எல்லோர்மீதும் சுமத்துவதை வெறுத்தார். அதற்காக முட்டிமோதியவர்களை ஆணவம் பிடித்த கட்சி என்று தம் பிஷப்புக்கு அந்தரங்கமாக எழுதிய கடிதம் பத்திரிகைகளில் வெளியாகிப் பெரும் பரபரப்பு உண்டாக்கியது. தீர்மானம் நிறைவேறிய பின் அவர் பிரிந்து போகவில்லை. 1871-ல் ஓர் அன்பருக்கு எழுதிய கடிதத்தில், பொறுமையோடிருங்கள், இன்னொரு போப்பாண்டவரும் மீண்டும் கூடும் சங்கமும் வந்து சாய்ந்த படகைச் சமன் செய்யக்கூடும் என்ற கருத்தில் ஆறுதல் சொன்னார்.

1874-ல் முன்னாள் பிரதம மந்திரி கிளாட்ஸ்டன் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். போப்பாண்டவர் சொல்லைத் தட்டமுடியாதவன் தன் நாட்டுக்கு எப்படி விசுவாசமான பிரஜையாக இருப்பான் என்று அதில் கேட்டார். பிரசுரம் லட்சத்துக்கு மேல் விற்றது. மறு வருஷம் நார்போக் கோமகனுக்கு எழுதும் கடிதம் என்ற உருவில் நியூமன் விடையளித்தார். விருந்துக்குப் பின் மதத்தை வாழ்த்திக் கிண்ணம் எடுக்கவேண்டுமானால், போப்பாண்டவரையும் வாழ்த்துவேன், ஆனால் முதலில் மனச்சாட்சிக்கு, பிறகே போப்பாண்டவருக்கு என்று அதில் சொன்னார். அதற்காக அவரை யாரும் விலக்கவில்லை. அடுத்த போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ 1879-ல் அவரைக் கார்டினலாக்கினார். 2019-ல் அவர் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டார்.

ஜெர்மனியிலும் இதே கேள்வி எழுந்தது. பிஷப்புகள் இனி போப்பாண்டவரின் கைக்கருவிகளே என்று பிஸ்மார்க்கின் சுற்றறிக்கை ஏளனம் செய்தது. அப்படியல்ல, பிஷப்புகளின் அதிகாரமும் ஆண்டவன் தந்ததே, அதைப் போப்பாண்டவரும் அழிக்க முடியாது என்று 1875-ல் ஜெர்மன் பிஷப்புகள் அறிக்கை விட்டார்கள். ஒன்பதாம் பயஸே அதைச் சரியென்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். சிறுபான்மையோர் ரோமில் கேட்டதில் ஒரு பங்கு இப்படிப் பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தது.

நம் பக்கத்தில்

ரோமின் அதிகாரம் பற்றிய சண்டை தென்னாட்டுக்கும் புதிதல்ல. 1653-ல் மட்டாஞ்சேரியில் மலையாளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் சிலுவையில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு ஜெசூட் பாதிரிமாருக்குக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். போப்பாண்டவரையே மறுத்தார்களா, அவர் பெயரால் ஆண்ட ஐரோப்பியரை மட்டும் மறுத்தார்களா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. 1838-ல் மயிலாப்பூர், கொச்சி முதலிய இடங்களில் போர்த்துக்கீசிய அரசரின் ஆதரவில் இருந்த பிஷப்புகளின் அதிகாரத்தைப் போப்பாண்டவர் பதினாறாம் கிரகோரி எடுத்துவிட்டார். போர்த்துக்கீசியப் பக்கத்துக் குருமார் ஒப்பவில்லை. இரண்டு கட்சிகளும் கோயில்களுக்காக வெகு காலம் போராடின. 1886-ல் ரோமும் போர்த்துக்கலும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகே சமாதானம் வந்தது. இரண்டு தரப்பும் கத்தோலிக்கர்தான். போப்பாண்டவரின் பெயரைச் சொல்லித்தான் பூசை செய்தார்கள்.

இரண்டாவது சங்கம்

நியூமன் சொன்ன படகு சமன் செய்யும் வேலை 92 வருஷம் கழித்துத் தொடங்கியது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாவது வத்திக்கான் சங்கம் பழைய தீர்மானத்தை நீக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு பாரத்தை வைத்தது. பிஷப்புகள் போப்பாண்டவரோடு சேர்ந்து ஒரு குழுவாகத் திருச்சபை முழுவதுக்கும் பொறுப்புடையவர்கள் என்றது. திருச்சபை என்றால் முதலில் ஆண்டவனுடைய மக்கள் அனைவரும் என்றது. கிறிஸ்துவின் திருச்சபைதான் கத்தோலிக்கத் திருச்சபை என்று நேராகச் சமப்படுத்தாமல், கத்தோலிக்கத் திருச்சபையில் அது நிலைகொண்டிருக்கிறது என்று ஒரு வினைச்சொல்லை மாற்றிப் போட்டது. 1964 நவம்பரில் 2151 பேர் ஆதரிக்க, 5 பேர் மட்டும் எதிர்க்க அது நிறைவேறியது. அந்த ஒரு வினைச்சொல்லுக்குப் பொருள் சொல்லி எழுதப்பட்ட நூல்கள் ஒரு நூல்நிலையத்தை நிரப்பும். 1965 டிசம்பர் 7-ந் தேதி ஆறாம் பவுலும் கான்ஸ்டான்டிநோபிளின் மூப்பர் அதெனகோராஸும் 1054-ல் ஒருவருக்கொருவர் இட்ட சபைவிலக்குகளை நினைவிலிருந்து அகற்றினார்கள்.

ஆனால் பிரிவு தீர்ந்துவிடவில்லை. புராட்டஸ்டண்டுகளின் கூட்டங்கள் சரியான பொருளில் திருச்சபைகள் அல்ல என்று 2000-ல் ரோம் வெளியிட்ட அறிக்கை ஒன்று அவர்களைப் புண்படுத்தியது. அதற்கு ஐந்து வருஷம் முன்புதான், இரண்டாம் ஜான் பால், இந்தப் பதவியை எல்லோருக்கும் ஏற்றபடி எப்படி நடத்தலாம் என்று யோசனை சொல்லுங்கள் என மற்றச் சபைத் தலைவர்களையே கேட்டிருந்தார். வந்த யோசனைகளையெல்லாம் தொகுத்து வத்திக்கானின் கிறிஸ்தவ ஒற்றுமைக்கான இலாகா 2024 ஜூன் மாதம் ரோமாபுரியின் பிஷப்பைப் பற்றி ஓர் ஆராய்ச்சி ஏட்டை வெளியிட்டது. 1870-ம் வருஷத்துத் தீர்மானத்துக்குப் புதிய விளக்கம் தரலாமா, அதன் வாசகத்தையே வேறு சொற்களில் சொல்லலாமா என்பதும் அதில் இடம்பெற்ற யோசனைகளில் ஒன்று. யோசனைதான், முடிவு அல்ல.

1870-ல் அப்படிக் கேட்டவர்கள் ஊரை விட்டுப் புறப்பட வேண்டியிருந்தது. இன்று அதே கேள்வி வத்திக்கானின் முத்திரையோடு அச்சாகி வருகிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு தலைவர் இருந்தால்தான் குடும்பம் சிதறாமல் இருக்கும் என்கிறது ஒரு கட்சி. குடும்பத்தாரின் சம்மதம் இல்லாமல் தலைவர் பேசலாகாது என்கிறது மறு கட்சி. இரண்டும் வீட்டின் நன்மையை நாடிச் சொன்னவையே. ஒரு வீட்டுக்கே எளிதாகத் தீராத இந்த வழக்கு, கோடிக்கணக்கான பேர் வாழும் திருச்சபையில் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் கதவை அடைத்துக்கொண்டு பேசியது போய், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். டோலிங்கர் பான் நகரில் நாற்காலிகளைப் போட்டுக் காத்திருந்ததும் இதற்காகத்தான்.